பட்டம் பெற்ற பிள்ளைக்கு வாவியை வாசிக்கத் தெரியுமா?

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியாகும் நாட்களில் எமது கிராமங்களில் ஒரு தனி மகிழ்ச்சியைக் காணலாம். முகாமில் பிறந்த பிள்ளை, தகரக் கொட்டிலில் குப்பி விளக்கில் படித்த பிள்ளை, மூன்று பாடசாலை மாறிப் படித்த பிள்ளை என்று ஊரே பெருமையோடு பேசும். காப்பையும் சங்கிலியையும் அடகு வைத்து, நின்ற மாட்டை விற்று, கொப்பியும் புத்தகமும் வாங்கிக் கொடுத்த தாய் தகப்பனுக்கு அது ஓர் அறுவடை நாள். அந்த மகிழ்ச்சியில் நாமும் பங்கு கொள்கிறோம். ஆயினும், அன்புக்குரிய விவசாயக் குடும்பத்தினரே, அதன் நடுவே ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். பட்டம் பெற்றுத் திரும்பும் பிள்ளைக்கு, தன் தகப்பனுடைய வயல் ஏன் மார்கழி மழையில் மூழ்குகிறது என்று சொல்லத் தெரியுமா?

விவசாய பீடத்தில் படித்த பிள்ளைக்கு ஓரளவு தெரியலாம். கணக்கியல், சட்டம், தமிழ், வரலாறு, மருத்துவம், தொழில்நுட்பம் என்று படித்த பிள்ளைகளுக்கு? "அது எங்களுடைய பாடம் இல்லை" என்றே பெரும்பாலும் பதில் வரும். இந்தப் பதில் மாற வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது. பல்கலைக்கழகத்தில் எந்தப் பீடத்தில் எதைப் பயின்றாலும், மண்ணையும் நீரையும் காட்டையும் பற்றிய அடிப்படை அறிவு அந்தந்தப் பாடத்தினூடாகவே ஊட்டப்பட வேண்டும். இது கற்றவர்கள் தமக்குள் பேசித் தீர்க்கும் காரியம் என்று நீங்கள் ஒதுங்கிவிடக்கூடாது. உங்கள் காணியும் கிணறும் இதில் தங்கியிருக்கின்றன.

இரண்டு எழுத்தறிவு

எழுத்தைக் கூட்டி வாசிப்பது ஓர் எழுத்தறிவு. சுற்றாடலை வாசிப்பது மற்றோர் எழுத்தறிவு. குளம் வான் பாய்ந்தால் தண்ணீர் எந்த வழியால் எந்த வட்டைக்கு வரும், எந்தத் துண்டில் உவர் ஏறும், எங்கே தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும், எந்தக் காற்று மழையைக் கொண்டு வரும் என்பதையெல்லாம் எமது முன்னோர் அறிந்திருந்தார்கள். வட்டவிதானையும் முல்லைக்காரனும் பாடசாலைப் படிப்பில் குறைந்தவர்களாக இருந்திருக்கலாம். ஆனால், வாவியையும் வயலையும் வாசிப்பதில் அவர்கள் பண்டிதர்கள்.

இந்த அறிவு வீட்டிலிருந்து கற்பது அன்று. தகப்பனுக்குப் பின்னால் வரம்பில் நடந்து கற்பது. 1990இல் ஊரை விட்டு ஓடினோம். 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்து கரையோர ஊர்களை வாரிக்கொண்டு போனது. 2006ஆம், 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மீண்டும் மூட்டை கட்டினோம். ஒவ்வொரு முறையும் வீடும் மாடும் இழந்ததைக் கணக்கெடுத்தார்கள், படிவம் நிரப்பினார்கள். வரம்பில் நடந்து கற்கும் படிப்பு அறுந்து போனதை எந்தப் படிவத்திலும் யாரும் எழுதவில்லை. பவுசரில் வரும் தண்ணீரையும் நிவாரண அட்டைக்குக் கிடைக்கும் அரிசியையும் மட்டும் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு, மதகு என்றால் என்ன, வான் என்றால் என்ன என்று எப்படித் தெரியும்? அதற்காகப் பிள்ளையைக் குறை கூற முடியாது.

ஆகவே, வீடு கொடுக்க முடியாமற் போனதைக் கல்விக்கூடம் கொடுக்க வேண்டிய காலம் இது. பாடசாலையில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் சிறு வகுப்புகளில் உண்டு. உயர்தரத்துக்கு வந்ததும் கலை, வர்த்தகம், கணிதம், உயிரியல், தொழில்நுட்பம் என்று பிள்ளைகள் பிரிகிறார்கள். பல்கலைக்கழகத்தில் அந்தப் பிரிவினை இன்னும் உயர்ந்த மதிலாகிவிடுகிறது.

முகத்துவாரம் சொல்லும் பாடம்

எமது வாவியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமும் 141 சதுர கிலோமீற்றர் பரப்பும் உடையது. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே கிடக்கும் இந்த நீர்ப்பரப்பு, வடக்கே பாலமீன்மடுவுக்கு அருகிலும் தெற்கே கல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. கோடையில் கடலலை மணலைக் கொண்டுவந்து குவித்து வாயை அடைத்துவிடும். மாரியில் மேற்கேயுள்ள குளங்கள் வான் பாய்ந்து வாவி நிறையும்போது, முகத்துவாரத்தை வெட்டி விடுவதா, எப்போது வெட்டுவது என்ற கேள்வி எழும்.

தாழ்நில வட்டைகளில் விதைத்தவர்கள் உடனே வெட்டச் சொல்வார்கள். பயிர் நீருக்குள் கிடந்து அழுகுவதைப் பார்த்துக்கொண்டு எந்த விவசாயி பொறுத்திருப்பான்? மீனவர்கள் தயங்குவார்கள். இறால் கடலிலே முட்டையிடும். குஞ்சு முகத்துவாரம் வழியாக வாவிக்குள் வந்து கண்டல் வேர்களின் மறைவில் வளரும். பருவம் வந்ததும் மீண்டும் கடலுக்குப் போகும். காலம் தவறி வெட்டினால், வளராத இறாலும் மீனும் வெள்ளத்தோடு போய்விடும் என்பது அவர்களுடைய அச்சம். வெட்டாமலே விட்டால் புதிய குஞ்சு உள்ளே வர வழியில்லை. வெட்டிய வாய் மழை ஓய்ந்த பின்னும் திறந்தே கிடந்தால் உப்புநீர் மேலேறி, கரையோர வயலையும் கிணற்றையும் கெடுக்கும். இருபகுதியினர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அரசாங்க அதிபர் தலைமையில் நீர்ப்பாசனம், கமநலம், கடற்றொழில் அதிகாரிகளும் சங்கத்தினரும் கூடிப் பேசி முடிவெடுப்பது வழக்கம்.

அந்தக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். நீர் எவ்வளவு வேகமாக வடியும் என்று கணக்கிட எந்திரவியல் வேண்டும். இறால் எந்த மாதத்தில் வரும் என்று சொல்ல விலங்கியல் வேண்டும். வெள்ளம் வடிந்த பின் எலிக்காய்ச்சல் பரவும், கிணறுகள் அசுத்தமாகும் என்று முன்கூட்டியே எச்சரிக்க மருத்துவம் வேண்டும். பயிர் அழிவையும் மீன்பிடி இழப்பையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கப் பொருளியல் வேண்டும். கடற்கரையிலிருந்து 300 மீற்றர் வரையுள்ள நிலம் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது, வாவி வாய்களுக்கும் அச்சட்டத்தில் தனி ஏற்பாடு உண்டு என்று எடுத்துச் சொல்லச் சட்டம் வேண்டும். முன்னோர் எந்த அடையாளம் கண்டு முகத்துவாரம் வெட்டினார்கள் என்று தேடி எடுக்க வரலாறு வேண்டும். விவசாயியும் மீனவரும் ஒருவர் பேச்சை ஒருவர் பொறுமையாகக் கேட்கச் செய்ய, மனிதரை அறிந்த ஒருவரும் வேண்டும். ஒரு மணல் திட்டை வெட்டுவதற்கு இத்தனை கல்வி தேவைப்படுகிறது. இவர்களில் ஒவ்வொருவரும் தமது துறையை மட்டும் அறிந்து, வாவியை அறியாதவராக இருந்தால் அந்தக் கூட்டம் என்ன ஆகும்?

கையொப்பமிடுபவர் யார்?

"சுற்றாடலை விவசாய பீடம் பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்வோருக்கு எமது பதில் இது: உங்கள் காணியைப் பற்றிய பத்திரங்களில் கையொப்பமிடுபவர் யார் என்று பாருங்கள். பிரதேச செயலாளர் கலைப் பட்டதாரியாகவோ முகாமைத்துவப் பட்டதாரியாகவோ இருக்கலாம். கடன் கொடுக்கும் வங்கி முகாமையாளர் வர்த்தகம் படித்தவர். வழக்கை நடத்துபவர் சட்டம் படித்தவர். மீள்குடியேற்ற வீட்டுத் திட்டத்தை எழுதும் நிறுவன உத்தியோகத்தர் சமூகவியல் படித்தவர். இவர்களெல்லாம் ஒரு நாளும் மண்ணைப் பற்றிப் படிக்காமலே மண்ணைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருக்கிறார்கள்.

ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரக் குடும்பங்கள் பலவற்றுக்குத் திராய்மடுவில் வீடு கொடுக்கப்பட்டது. 'மடு' என்றால் நீர் தேங்கி நிற்கும் ஆழமான இடம் என்று எமது பாட்டிமாருக்குத் தெரியும். அந்தப் பெயரை வாசிக்கத் தெரிந்த எவரும், வீட்டின் வரைபடத்தைப் பார்க்குமுன் வடிகாலின் வரைபடத்தைக் கேட்பார். பனிச்சங்கேணி, தாழங்குடா, கொக்கட்டிச்சோலை, வவுணதீவு என்ற பெயர்களெல்லாம் அப்படிப்பட்டவைதான். மரத்தையும் நீர்நிலையையும் நிலத்தின் உயரத்தையும் எமது மூதாதையர் பெயராகவே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தமிழ் சிறப்புப் பட்டம் படிக்கும் மாணவனுக்கு இதைவிட நல்ல ஆய்வுப் பொருள் எது?

மற்றோர் உதாரணம் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2021 மே மாதத்தில் இரசாயன உரங்களினதும் கிருமிநாசினிகளினதும் இறக்குமதி தடை செய்யப்பட்டது. நாடு முழுவதும் உடனடியாகச் சேதன விவசாயத்துக்கு மாற வேண்டும் என்று கூறப்பட்டது. விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். அதே ஆண்டு நவெம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆயினும் அந்தப் பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் வீழ்ந்தது. அளவுக்கு மீறிய இரசாயனம் மண்ணையும் வாவியையும் கெடுக்கிறது என்பதில் எமக்கு ஐயமில்லை. வயலில் கொட்டிய உரம் மழையோடு வாவிக்குப் போய்ப் பாசியையும் ஆற்றுவாழையையும் வளர்க்கிறது. ஆனால், பல ஆண்டுகள் உரத்துக்குப் பழகிய மண் ஒரு போகத்தில் மாறாது. சேதனப் பசளை போதிய அளவில் கிடைக்கிறதா என்று பார்க்காமல், மண்ணுக்குக் கால அவகாசம் கொடுக்காமல் ஓர் அறிவித்தலால் இயற்கையை மாற்ற முடியும் என்று நினைப்பது, இயற்கையை நேசிப்பவர்களும் இயற்கையை அறியாமல் இருக்கலாம் என்பதற்குச் சான்று. சுற்றாடல் மீதான அன்புக்குச் சுற்றாடல் அறிவும் துணை வேண்டும்.

உலகம் ஒப்புக்கொண்ட உண்மை

இது எமது கிராமத்துச் சிந்தனை மாத்திரமன்று. 1977 ஒக்டோபரில் ஜோர்ஜியாவின் திபிலிசி நகரில் யுனெஸ்கோ நிறுவனமும் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டமும் ஒரு மாநாட்டை நடத்தின. சுற்றாடல் கல்வி ஒரு தனிப்பாடமாக ஒதுங்கி நிற்காமல் எல்லாத் துறைகளையும் தழுவியதாகவும், பாடசாலைக்கு உள்ளும் வெளியும் வாழ்நாள் முழுவதும் தொடர்வதாகவும் இருக்க வேண்டும் என்று அங்கே கூறப்பட்டது. 1990 ஒக்டோபரில் பிரான்சின் தலுவார் என்னும் ஊரில் பல்கலைக்கழகத் தலைவர்கள் 22 பேர் கூடிப் பத்து அம்சப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டனர். எந்தத் துறையில் பயிலும் மாணவருக்கும் சுற்றாடல் எழுத்தறிவு கிடைக்க வேண்டும், அதைக் கற்பிக்கும் திறமையை முதலில் விரிவுரையாளர்கள் பெற வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம்.

அந்த 1990ஐ நாம் வேறுவிதமாக நினைவில் வைத்திருக்கிறோம். வந்தாறுமூலை என்ற பெயரை 'வந்து ஆறும் மூலை' என்று பிரித்துச் சொல்வாருமுண்டு. அந்த ஆண்டு அப்பெயருக்கேற்பப் பல்லாயிரம் மக்கள் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தனர். செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பி வரவில்லை. அவர்களுடைய உறவினர் இன்றும் எம்மிடையே இருக்கிறார்கள். தலுவாரில் பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடுவதற்கு ஒரு மாதம் முன்னர், எமது பல்கலைக்கழகம் அகதி முகாமாக இருந்தது. 1981 ஆகஸ்ட் 1ஆம் திகதி விஞ்ஞான, விவசாய பீடங்களோடு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்டோபரில் முழுப் பல்கலைக்கழகமான அந்த நிறுவனம், இடம்பெயர்ந்த மக்களோடு ஒரே நிலத்தில் நின்று துன்பப்பட்டது. எமது கோரிக்கையைக் கேட்பதற்கு அதைவிட உரிமையான இடம் வேறில்லை. இன்று அங்கே வர்த்தக முகாமைத்துவம், கலை கலாசாரம், சுகாதார பராமரிப்பு விஞ்ஞானம் ஆகிய பீடங்களும் உள்ளன. கல்லடியில் சுவாமி விபுலாநந்தர் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. எல்லாத் துறையும் வாவிக்கு அருகிலேயே அமைந்திருப்பது இறைவன் தந்த வாய்ப்பு.

இந்தியா தரும் அனுபவம்

எமது அயல்நாட்டில் இது சட்டமாகவே வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் இந்திய உயர் நீதிமன்றம் 1991 நவெம்பரில் ஒரு கட்டளை பிறப்பித்தது. சுற்றாடல் கல்வி கல்வியின் எல்லா நிலைகளிலும் கட்டாயமாக வேண்டும் என்பதே அதன் சாரம். கட்டளை செயலாவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. நீதிமன்றம் மீண்டும் வற்புறுத்திய பின்னரே, பல்கலைக்கழக மானியக் குழு தயாரித்த ஆறு மாதப் பாடத்திட்டம் கலை, வர்த்தகம், விஞ்ஞானம் என்ற வேறுபாடின்றி எல்லா இளமாணி மாணவருக்கும் பொதுவானது. அதற்கான பாடநூலை எழுதியவர் புனே நகரைச் சேர்ந்த எராக் பரூச்சா. அவர் தொழிலால் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். மருத்துவர் ஒருவர் காட்டையும் நீரையும் பற்றி நாட்டுக்கே பாடநூல் எழுதினார் என்பதைக் கவனியுங்கள்.

அத்திட்டத்தில் மொத்தம் 50 விரிவுரைகள். நூறு புள்ளியில் 75 எழுத்துப் பரீட்சைக்கு, 25 வெளிக்கள வேலைக்கு. ஆறு, குளம், மலை, அசுத்தமடைந்த இடம் ஏதாவதொன்றை நேரில் சென்று பார்த்து எழுத வேண்டும். திட்டம் நல்லது. ஆனால், நடைமுறையில் பல கல்லூரிகளில் அது மனனம் செய்து எழுதும் இன்னொரு தாளாகிவிட்டது என்ற முறைப்பாடு அங்கு பரவலாக எழுந்தது. தமிழ் இலக்கிய மாணவனும் கணக்கியல் மாணவனும் ஒரே புத்தகத்தின் ஒரே பந்தியை ஒப்புவித்தார்கள். தனது துறைக்கும் அந்தப் பந்திக்கும் என்ன தொடர்பு என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. கற்பிக்கத் தனி ஆசிரியர்களும் போதவில்லை.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது தெளிவானது. எல்லோருக்கும் கட்டாயம் என்பது வேண்டும்; எல்லோருக்கும் ஒரே மாதிரி என்பது வேண்டாம். கணக்கியல் மாணவன் கணக்கியலாகவே வாவியைப் படிக்கட்டும். ஒரு கண்டற்காடு அழிக்கப்பட்டால் எந்தப் பேரேட்டில் அந்த நட்டம் எழுதப்படுகிறது என்று கேட்கட்டும். மருத்துவ மாணவி கிருமிநாசினி தெளிப்பவரின் கையையும் கிணற்றையும் சேர்த்தே பரிசோதிக்கட்டும். சட்டம் படிப்பவர் வாவிக்கரை யாருக்குச் சொந்தம் என்று ஆராயட்டும்.

எப்பாவலை விவசாயிகள்

எல்லாத் துறையும் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எமது நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் பொசுபேற்றுப் படிவு உண்டு. அதை அகழ்ந்தெடுக்க வெளிநாட்டுக் கம்பனியொன்றோடு ஒப்பந்தம் செய்ய அரசாங்கம் முன்வந்தது. அத்திட்டத்தால் ஏறக்குறைய 2,600 குடும்பங்கள், அதாவது 12,000 பேர், நிரந்தரமாக இடம்பெயர நேரிடும் என்று கூறப்பட்டது. அவ்வூர் விவசாயிகளும் விகாரையின் தலைமைத் துறவியுமாக ஏழு பேர் உயர் நீதிமன்றம் சென்றார்கள்.

2000 ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. நீதியரசர் ஏ.ஆர்.பி. அமரசிங்க எழுதிய அத்தீர்ப்பில் சட்டம் மட்டும் இல்லை. பண்டைய குளங்களினதும் ஜயகங்கை வாய்க்காலினதும் வரலாறு இருக்கிறது. தேசிய விஞ்ஞான நிறுவனங்களின் கருத்துகள் இருக்கின்றன. படிவை அவசரமாக எடுத்து முடித்தால் வருங்காலச் சந்ததிக்கு என்ன மிஞ்சும் என்ற பொருளியல் கணக்கு இருக்கிறது. முறையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் முடியுமுன் ஒப்பந்தம் செய்யக்கூடாது என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. விரும்பிய இடத்தில் வாழவும் தொழில் செய்யவும் அந்த மக்களுக்குள்ள அடிப்படை உரிமையை ஏற்றுக்கொண்டது. அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை.

சிங்களக் கிராமமொன்றின் விவசாயிகள் வென்ற வழக்கு இது. அதன் பயன் நாட்டிலுள்ள எல்லா விவசாயிகளுக்கும் உரியது. ஓர் இடப்பெயர்வை நடக்குமுன்பே தடுக்க முடிந்தது எதனால்? வரலாறு தெரிந்தவரும் மண் தெரிந்தவரும் கணக்குத் தெரிந்தவரும் சட்டம் தெரிந்தவரும் விவசாயியின் பக்கத்தில் ஒன்றாக நின்றதால்.

எழக்கூடிய மறுப்புகள்

"நாங்கள் மிதித்த சேறு போதும், பிள்ளையாவது நாற்காலியில் இருக்கட்டும்" என்று சில பெற்றோர் சொல்வதுண்டு. அந்த வார்த்தையின் பின்னால் இருக்கும் களைப்பை நாம் அறிவோம். பிள்ளை நாற்காலியில் இருப்பதை நாம் மறுக்கவில்லை. அந்த நாற்காலியில் இருந்துகொண்டு அவன் எழுதும் ஒரு வரி, சேற்றில் நிற்கும் நூறு பேரின் வாழ்வைத் தீர்மானிக்கும் என்பதாலேயே அவனுக்குச் சேற்றைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்கிறோம்.

"பாடச் சுமை ஏற்கெனவே அதிகம்" என்பது இரண்டாவது மறுப்பு. நாம் கேட்பது ஒரு சுமையைக் கூட்டுவதன்று. ஏற்கெனவே கற்பிக்கும் பாடத்தின் உதாரணங்களை மாற்றச் சொல்கிறோம். புள்ளிவிபரவியல் கற்பிக்க எங்கோ ஒரு தொழிற்சாலையின் எண்களை எடுப்பதற்குப் பதிலாக, உன்னிச்சைக் குளத்தின் நீர்மட்டத்தை எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

"துறைகளைக் கலந்தால் ஆழம் குறையும்" என்பது மூன்றாவது. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரை நினைத்துக்கொள்ளுங்கள். விஞ்ஞானப் பட்டம் பெற்றுப் பௌதிகமும் இரசாயனமும் கற்பித்தவர் அவர். அதே அறிவைக் கொண்டு பழந்தமிழர் இசையை ஆராய்ந்து, 1947இல் யாழ்நூலைத் தந்தார். கணிதமும் தமிழும் இசையும் அவரிடம் சேர்ந்தபோது ஆழம் குறைந்ததா? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலிலும் இக்கருத்து உண்டு. அறிவு துண்டு துண்டாகப் பிரியும்போது முழுமையைக் காணும் கண் மங்கிவிடுகிறது என்று அவர் எச்சரிக்கிறார்.

நாம் கேட்பது என்ன? நாம் செய்யக்கூடியது என்ன?

பல்கலைக்கழகத்திடம் நாம் நான்கு காரியங்களை வேண்டுகிறோம்.

முதலாவது, ஒவ்வொரு பீடமும் தனது பாடங்களுக்குள்ளேயே வாவியையும் வயலையும் கொண்டுவரட்டும்.

இரண்டாவது, வெவ்வேறு பீடத்து மாணவர்கள் ஒரே குழுவாகச் சேர்ந்து, ஒரு வட்டையை அல்லது ஒரு கிராமத்தை ஒரு பெரும்போகம் முழுவதும் தொடர்ந்து கவனிக்கட்டும். ஒரு நாள் பேருந்தில் வந்து படம் பிடித்துப் போவது வெளிக்களப் படிப்பாகாது.

மூன்றாவது, அனுபவமுள்ள விவசாயியையும் மீனவரையும் விரிவுரை மண்டபத்துக்கு அழைத்து, மரியாதையோடு ஆசனம் கொடுத்துப் பேசவைக்கட்டும்.

நான்காவது, வாவி பற்றி விரிவுரையாளர்கள் ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வுகளின் முடிவுகளை எளிய தமிழில் கமநல சேவை நிலையங்களுக்கு அனுப்பட்டும். அதைத் தமிழில் எழுதுவதே ஒரு மாணவரின் ஒப்படையாகலாம்.

இனி உங்களிடம் வருகிறோம். பல்கலைக்கழகம் மாறும் வரை நாம் கைகட்டியிருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளையை வயலுக்கு அழைத்துச் செல்லுங்கள். சொந்த வயலுக்குத் திரும்ப முடியாதவர்கள், அதன் எல்லையையும் வாய்க்காலையும் வாயால் சொல்லி ஒரு கொப்பியில் வரையச் செய்யுங்கள். வட்டைகளின் பெயர், மடுக்களின் பெயர், பழைய மதகுகள் இருந்த இடம், 1978 நவெம்பர் சூறாவளியிலும் 2011 ஜனவரி வெள்ளத்திலும் தண்ணீர் எதுவரை வந்தது என்ற அடையாளம் ஆகியவற்றைத் திகதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். காணிக் கச்சேரியில் உறுதி இல்லாதவருக்கு அந்தக் கொப்பியே ஒரு சாட்சியாகலாம்.

பெரிய திட்டம் ஏதாவது உங்கள் பகுதிக்கு வருமானால், பிள்ளையிடம் இன்னொரு வேலையும் கொடுங்கள். தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, குறித்துரைக்கப்பட்ட பெரிய திட்டங்களுக்கான தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். கருத்துத் தெரிவிக்க 30 நாட்கள் உண்டு. அந்த அறிக்கையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மறைத்து வைத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் புரியாவிட்டால், "எங்களுக்கு ஏன் இதைக் கற்பிக்கவில்லை?" என்று அவன் தனது விரிவுரையாளரிடம் போய்க் கேட்கட்டும். மாற்றம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கும்.

காணியைப் பிறர் பிடிக்கலாம், வெள்ளம் மூடலாம், உறுதியைக் கறையான் தின்னலாம். நிலத்தை அறிந்த அறிவு பிள்ளையிடம் இருக்குமானால், என்றோ ஒரு நாள் அந்த நிலத்தை உரிமையோடு கேட்கவும், பெற்ற பின் கெடாமல் காக்கவும் அவனால் முடியும். அந்த அறிவை ஒரு பீடத்துக்கு மட்டும் ஒதுக்கி வைக்க எமக்கு வசதியில்லை. எமது பிள்ளைகளில் சிலரே பல்கலைக்கழகம் போகிறார்கள். போகின்ற ஒவ்வொருவரும் வாவியை வாசிக்கக் கற்று வரட்டும். இந்த முறை வெட்டுப்புள்ளி கிடைத்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பயணப் பையைக் கட்டுமுன் இதுபற்றிப் பேசிப் பாருங்கள்.